சந்திரவதனா வீட்டில் நடந்த கூட்டம்

கனடாவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் எந்தத் தமிழ் வீட்டில் பிறந்தநாள் வந்தாலும் முதல் தொலைபேசி அழைப்பு சந்திரவதனாவுக்குத்தான் போகும். ஆட்டிறைச்சி ரோல்ஸ் அவளைப்போலச் செய்ய அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. ரஸ்க் தூள் கறுக்காது, கையில் எண்ணெய் ஒட்டாது, ஒன்றோடு நிறுத்தவும் முடியாது. எண்பத்தெட்டில் சுன்னாகத்திலிருந்து வந்தவள். சென் ஜேம்ஸ் ரவுணில் இரண்டு குடும்பங்களோடு ஒரே அப்பார்ட்மென்ரில் நெருக்குப்பட்டு இருந்துவிட்டு, லோரன்ஸ் வீதியோரத்து மாடிக் கட்டடத்துக்கு மாறினாள். காலையில் ஒரு ஹொட்டேலில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை, பின்னேரம் சமையல். இவ்வளவுதான் அவள் வாழ்க்கை என்று அவளே சொல்வாள். அவளைப் பற்றி எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு, அந்த ரோல்ஸை யார் யார் சாப்பிட்டார்கள் என்பதைத்தான் நான் சொல்லவேண்டும்.

அவளுடைய கணவர் விநாயகமூர்த்தி ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் மனேஜராக இருந்தவர். இங்கே செக்கியூரிற்றி வேலை. சீருடையைக் கழற்றினால் அவருக்கு ஒரே ஒரு வியாதி, கதிரை. மேடையில் ஒரு கதிரை, அதற்கு முன்னால் பெயர் எழுதின ஒரு மட்டை. பழைய மாணவர் சங்கம், கலை மன்றம், விளையாட்டுக் கழகம் என்று எல்லாக் கதிரையிலும் இருந்து பார்த்துவிட்டார், வியாதி தீரவில்லை. தொண்ணூற்றைந்தில் நகரசபை அவரை ஹார்வூட் சமூக நிலையத்தின் நிர்வாகசபைக்கு நியமித்தபோது புதுக் கோட் ஒன்று தைத்தார். பயண முகவர் பொன்னம்பலமும் அதே இடத்துக்கு விண்ணப்பித்துத் தோற்றிருந்தார் என்பதால் அந்தக் கோட் இன்னும் எடுப்பாக இருந்தது.

அந்த வருடம்தான் ஒன்ராறியோவில் புதுச் சட்டம் வந்திருந்தது. நகரசபையும் அதற்குக் கீழே உள்ள சபைகளும் கூட்டத்தைப் பொதுசனம் பார்க்கத் திறந்துதான் நடத்தவேண்டும். கதவைச் சாத்துவதானால் எதற்காகச் சாத்துகிறோம் என்று எல்லோர் முன்னாலும் முதலில் சொல்லவேண்டும். விநாயகமூர்த்தி அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து மனைவிக்கு வாசித்துக் காட்டினார்.

"இஞ்ச பாரும். எங்கடை கோயில் கமிற்றியிலை ஆற்றையோ வீட்டு விறாந்தையிலை முடிவெடுத்துப்போட்டு, பொதுக்கூட்டத்திலை வந்து கை தூக்குவினமே, அந்த விளையாட்டு இஞ்ச சரிவராது. ஆர் வேணுமெண்டாலும் வந்து இருந்து பாக்கலாம். அதுதான் கனடா."

சந்திரவதனாவுக்கு அன்று கணவர்மேல் உண்மையாகவே பெருமையாக இருந்தது. அதை நினைக்கத்தான் பிறகு அவளுக்குக் கூடுதலாகக் குமட்டியது.

ஹார்வூட் நிலையத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பெரிய அறை. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுத் தாய்மார் பின்னேர ஷிப்ற் வேலைக்கு ஓடுவார்கள். சந்திரவதனாவின் தங்கை நிரூபாவின் பிள்ளைகள் இரண்டும் அங்கேதான். நிரூபாவின் கணவன் இன்னும் வவுனியாவில், அங்கிருந்து வெளியேற ஆமி கொடுக்கிற பாஸுக்கு அலைந்துகொண்டிருந்தான். அவள் பிளாஸ்ரிக் தொழிற்சாலை ஒன்றில் பின்னேர ஷிப்ற். காலை ஷிப்ற் கேட்டுக் கேட்டுப் பார்த்தும் கிடைக்கவில்லை. அந்த அறை இல்லையென்றால் அவளுக்கு வேலை இல்லை. வேலை இல்லையென்றால் கணவனைக் கூப்பிட ஸ்பொன்சர் செய்யவும் வழியில்லை. எல்லாம் அந்த ஒரு அறையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அறையை எடுத்து ஒரு தனியார் உடற்பயிற்சி நிலையத்துக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்று தொண்ணூற்றாறு இலையுதிர் காலத்தில் கதை அடிபட்டது. தாய்மார் கொஞ்சம் கலங்கினார்கள். பிறகு தாங்களாகவே அமைதியானார்கள். எங்கள் சனத்துக்கு மட்டுமே வரக்கூடிய அமைதி அது. நம்முடைய ஆள் ஒருவர் உள்ளே இருக்கிறார் என்று தெரிந்துவிட்டால் போதும், பிறகு ஒருவரும் கூட்டத்துக்குப் போகமாட்டோம், கடிதம் எழுதமாட்டோம், கேள்வி கேட்கமாட்டோம். கேட்டால் உள்ளே இருக்கிறவருக்கு மரியாதைக் குறைவாம்.

"அத்தான் இருக்கிறார்தானே அக்கா, விடமாட்டார்" என்றாள் நிரூபா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விநாயகமூர்த்தி விருந்தினர் வருகிறார்கள் என்றார். சபைத் தலைவர் பேனாட், முத்துமாலை போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மா, கதைக்காமல் தலையை மட்டும் ஆட்டுகிற ஒரு கணக்காளர். ஐந்து பேர் கொண்ட சபையில் வீட்டுக்காரரோடு சேர்த்து நான்கு பேர். வராத ஐந்தாவது ஆள், பிள்ளைகளின் அறைக்காக எந்த நேரமும் சண்டை பிடிக்கிற வயதான போர்த்துக்கீச மனுசி. அவவைக் கூப்பிடவில்லை.

சந்திரவதனா விடியவே எழும்பிச் சமைத்தாள். வெள்ளைக்காரர் வீட்டுக்கு வருகிறார்கள் என்று அவளுக்கும் கொஞ்சம் புளுகமும் சந்தோசமும் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. முத்துமாலை அம்மா இறைச்சி தொடமாட்டார் என்பதால் மரக்கறி ரோல்ஸ் தனியாகச் செய்தாள். பேனாட் ஜன்னலோரத்துப் பச்சைக் கதிரையில் சப்பாத்தோடு சாய்ந்து இருந்து, ஒன்றை விழுங்குமுன் அடுத்ததில் கை வைத்தார். சட்னி விரலில் வழிய, அந்த விரலை நக்கிக்கொண்டே அறையின் கதையை எடுத்தார்.

உடற்பயிற்சி நிலையக்காரன் அவருடைய பழைய கூட்டாளியாம். செவ்வாய்க்கிழமை நீண்ட விவாதம் எதுவும் தேவையில்லையாம். யார் முன்மொழிவது, யார் வழிமொழிவது என்றெல்லாம் அங்கேயே பிரித்துக்கொண்டார்கள், பிள்ளைகள் விளையாட்டில் பாத்திரம் பிரிக்கிற மாதிரி.

"நீயே முன்மொழி, மூர்த்தி" என்றார் பேனாட். "உன் ஆட்கள் எதிர்க்கமாட்டார்கள்தானே?"

"என்னில் அவர்களுக்கு முழு நம்பிக்கை" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார் விநாயகமூர்த்தி. வாசலில் தட்டத்தோடு நின்ற மனைவியைத் திரும்பிப் பார்த்து, "ரீ கொண்டாரும்" என்றார்.

அவளுக்கு ஆங்கிலம் விளங்காது என்று அவர் நினைத்திருந்தால் கூட மன்னித்துவிடலாம். ஹொட்டேலில் எட்டு வருடம் ஆங்கிலம் கேட்கிறவள், நன்றாக விளங்கும் என்று அவருக்குத் தெரியும். விளங்கினால் என்ன, அவள் என்ன செய்யப்போகிறாள் என்பதுதான் அவருடைய எண்ணம். ரீ ஊற்றும்போது அவளுக்கு வந்தது பயம் இல்லை, அருவருப்பு. தான் உருட்டிய உருளைக்கிழங்கை மென்றுகொண்டே தன் தங்கையின் சோற்றில் மண் அள்ளிப் போடுகிறார்களே!

அவர்கள் போனதும் கேட்டாள். "நிரூபான்ரை பிள்ளையள் எங்கை போறது?"

"உது பொலிற்றிக்ஸ். எனக்கு அடுத்த முறை உபதலைவர் எண்டு சொல்லியிருக்கினம். உபதலைவரா வந்தாத்தான் எங்கடை சனத்துக்கு ஏதும் செய்யலாம்."

"எங்கடை சனத்தின்ரை அறையைக் குடுத்துப்போட்டு எங்கடை சனத்துக்கு என்னத்தைச் செய்யப்போறியள்?"

"நீர் சும்மா இரும்."

சந்திரவதனா சாப்பாடு எறிகிற பெண் இல்லை. மிஞ்சிய ரோல்ஸை அன்று குப்பைப் பையில் கொட்டிக் கட்டினாள். பச்சைக் கதிரையின் கையில் ஒட்டியிருந்த சட்னியைத் துடைத்தாள், திரும்பவும் துடைத்தாள், சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள். மணம் போனதாக அவளுக்குத் தெரியவில்லை.

நிரூபாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். நடந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. கட்டினவனை எப்படித் தங்கையிடம் காட்டிக்கொடுப்பது? "செவ்வாய்க்கிழமை தாய்மார் எல்லாரையும் கூட்டிக்கொண்டு கூட்டத்துக்கு வா" என்று மட்டும் சொன்னாள்.

"ஏனக்கா? அத்தான் ஒருத்தரையும் வரவேண்டாமெண்டு சொன்னவரே. கனபேர் வந்தா வெள்ளையள் வெருண்டு எதிராப் போயிடுவினமாம்."

சீ என்று போனது அவளுக்கு. அறையைக் கொடுத்தது காணாதென்று, வந்து கேட்கிற வாயையும் அன்பாகப் பேசியே அடைத்துவிட்டாரே இந்த மனுசன்!

செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் பொதுசனம் என்று இருந்தது சந்திரவதனாவும், ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்த நிரூபாவும், அவள் பிள்ளைகள் இரண்டும்தான். கதவை அகலத் திறந்து வைத்திருந்தார்கள். பேனாட் நல்ல குரலில், இந்த விசயம் இன்றுதான் முதன்முதலாகச் சபைக்கு வருகிறது என்றார். விநாயகமூர்த்தி எழும்பிக் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு முன்மொழிந்தார். அத்தானின் வாயிலிருந்து அந்தச் சொற்கள் வந்தபோது நிரூபா, தான்தான் பிழையாக விளங்கிக்கொண்டதாக நினைத்து அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அக்கா நிலத்தைப் பார்த்தாள்.

போர்த்துக்கீச மனுசிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இதைப் பற்றி வேறெங்காவது கூடிக் கதைத்தீர்களா என்று கேட்டா. ஒருக்காலும் இல்லை, எல்லாம் சட்டப்படி திறந்த கூட்டத்தில்தான் என்றார் பேனாட். மனுசி விடவில்லை, ஒவ்வொருவராகக் கேட்டா. முத்துமாலை இல்லை என்றது. கணக்காளர் தலையை ஆட்டினார்.

"இல்லை" என்றார் விநாயகமூர்த்தியும். மனைவி பார்த்துக்கொண்டிருக்கவே, கண் சிமிட்டாமல் சொன்னார்.

சந்திரவதனா எழும்பினாள். பொதுசனம் இப்போது பேசமுடியாது என்று பேனாட் சொல்லிக்கொண்டிருக்கவே தன் ஹொட்டேல் ஆங்கிலத்தில் தொடங்கிவிட்டாள்.

"ஞாயிற்றுக்கிழமை என்னுடைய வீட்டில் பேசினீர்கள். நீங்கள் பச்சைக் கதிரையில் இருந்தீர்கள். இந்த அம்மாவுக்கு நான் மரக்கறி ரோல்ஸ் தனியாகச் செய்து தந்தேன். என் கணவர் முன்மொழியவேண்டும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அப்போது நான் தேநீர் ஊற்றிக்கொண்டு நின்றேன்."

முத்துமாலை அம்மா கைப்பையைத் திறந்து எதையோ தேடத் தொடங்கினா. பேனாட் சிரித்தார். அது நண்பர்களின் விருந்து, விருந்துக்கும் கூட்டத்துக்கும் வித்தியாசம் தெரியவேண்டும் என்றார். பிறகு செய்தாரே ஒரு வேலை, அதைச் சொல்லவே எனக்கு வாய் கூசுகிறது. சட்ட ஆலோசனை சம்பந்தமான விசயம் என்று ஒரு தீர்மானம் போட்டு, பொதுசனத்தை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். களவாகக் கூடினோமா இல்லையா என்பதை இப்போது கதவைச் சாத்திக்கொண்டு ஆராய்ந்தார்கள். சட்டம் அதற்கும் இடம் வைத்திருந்ததாம்.

கதவுக்கு வெளியே நிரூபா பிள்ளைகளுக்கு ஜக்கெற்றைப் போட்டுவிட்டாள். கதவு திறந்தபோது, விசயம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது என்றார்கள். அத்தான் வெளியே வந்தார். சின்னவன் "பெரியப்பா" என்று ஓடப்போனான். நிரூபா அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

வீட்டில் விநாயகமூர்த்தி மனைவியோடு கதைப்பதை நிறுத்தினார். அவள் சமைத்ததைச் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. மானம் போய்விட்டது என்று சபையிலிருந்து விலகினார். எதைச் செய்ததால் போன மானம் என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. காலியான கதிரைக்குப் பொன்னம்பலத்தை நியமித்தார்கள். இனி எல்லாம் நேர்மையாக நடக்கும், நான் உள்ளே இருக்கிறேன் என்று பொன்னம்பலம் தாய்மாருக்குச் சொன்னாராம். அவர்களில் சிலர் திரும்பவும் அமைதியானார்கள். அதைக் கேட்டபோது சந்திரவதனாவுக்கு யாரைக் காறித் துப்புவது என்றே தெரியவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு நாள் கிட்டிக்கொண்டிருந்தபோது பொன்னம்பலத்தின் மனைவி கனகாம்பிகை தொலைபேசி எடுத்தா. மட்டக்களப்புப் பக்கத்து மனுசி, சூது வாது தெரியாதவ.

"அக்கா, வாற ஞாயிறு எங்கட வீட்ட வெள்ளக்காரர் கொஞ்சப் பேர் சாப்பிட வாறாங்களாம். ஒருவருக்கும் சொல்லவேணாம் எண்டு இவர் சொன்னவர். அதில ஒராளுக்கு ரோல்ஸ் எண்டா உசிராம். நீங்க அதுக்குள்ள என்ன போடுறீங்க?"

சந்திரவதனா சுவரில் சாய்ந்தாள். தன் வீட்டில் நக்கின அதே விரல் இனி இந்த அப்பாவியின் தட்டத்துக்கு வரப்போகிறது. பிறகு மெல்ல மெல்ல, அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"எத்தினை மணிக்கு வருகினம்?"

"ஒரு மணிக்கு அக்கா."

"நான் வந்து பொரிச்சுத் தாறன். கொஞ்சம் கூடவாச் செய்வம். தங்கச்சியும் வருவாள், பிள்ளையளும் வருவினம், அங்கை பிள்ளையளை விடுற தாய்மாரும் வருவினம்."

"ஐயோ, அவங்களையும் இவர் கூப்பிட்டிருக்காரா?"

"கூப்பிடத் தேவையில்லை கனகாம்பிகை. கூட்டத்துக்கு ஆர் வேணுமெண்டாலும் வந்து இருந்து பாக்கலாம். என்ரை மனுசன்தான் எனக்கு வாசிச்சுக் காட்டினவர்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். "நீங்கள் ஒண்டுமட்டும் செய்யுங்கோ. வாசல் கதவைப் பூட்டாமல் விடுங்கோ."