அனெஸ்திஸின் சிவப்பு முட்டை

ஜன்னல் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டுவார். உள்ளே ஆள் அரவம் கேட்டதும் அனெஸ்திஸின் வலது கை கோட்டுப் பைக்குள் போய்விடும். வெளியே வருவது ஈஸ்டர் முட்டை. அவித்து, சிவப்புச் சாயம் ஏற்றி, எண்ணெய் தடவிப் பளபளவென்று இருக்கும். "கிறிஸ்து உயிர்த்தார்! எடு உன் முட்டைய!"

ஈஸ்டர் முடிந்த அந்த ஒரு வாரம், கிரேக்க நாட்டுத் தெசலோனிக்கியின் மேல் நகரத்தில் இவருக்குப் பயந்து முட்டையை ஒளித்துவைப்பவர்கள் உண்டு. முட்டையோடு முட்டை மோதி, எவருடையது உடையாமல் நிற்கிறதோ அவருக்கு வருஷம் பூராவும் யோகம். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற அனெஸ்திஸுக்கு இதில் ஒரு சட்டம்: மோதுவது அவர், அடி வாங்கிக்கொள்வது மற்றவர்.

"மரத்துல செஞ்ச முட்டைய வெச்சு ஊர ஏமாத்துறியா? ஒரு தடவ நான் அடிக்கிறேன், நீ புடி பாப்போம்!" என்பாள் ரொட்டிக்கடை பொலிக்செனி.

"டிரைவர் சீட்ட யாருக்காவது விட்டுக் குடுத்திருக்கேனா?" என்று அவள் முட்டையை நொறுக்கிவிட்டு நடையைக் கட்டுவார்.

நடையில் அவசரமே கிடையாது. கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்திருப்பார். கோயில் வந்தால் மட்டும் பிரித்துச் சிலுவை போட்டுக்கொள்வார். வழியை மறித்துப் படுத்திருக்கும் பூனைகளை, "உள்ள போ, உள்ள போ, பின்னாடி எடமிருக்கு" என்று பஸ்காரர் குரலிலேயே அதட்டுவார்.

அத்திமரச் சந்தில் மட்டும் திரும்ப மாட்டார். மேடு பள்ளமில்லாமல் நேரே அவர் வாசலுக்குப் போகிற வழி அதுதான். ஆனால் அங்கே அவருடைய அக்கா க்ரிசூலாவின் வீடு இருக்கிறது. அதனால் கோட்டைச் சுவர் ஏற்றத்தில் மூச்சிரைக்க ஏறிச் சுற்றிக்கொண்டு வருவார். மகள் கல்யாணத்தை ஒட்டி அவர் தன் வீட்டுக்கு மேலே ஓர் அறை எழுப்பினார். அதுவரை அக்காவின் சமையலறை ஜன்னலில் வளைகுடா தெரிந்தது. அதற்கப்புறம் செங்கல்தான் தெரிந்தது.

"என் கடலத் தின்னுட்டியேடா," என்றாள் அக்கா.

"கடல் என்ன நம்ம அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று கேட்டுவிட்டார். பேச்சு அன்றோடு நின்றது. தப்பு தன்னுடையது என்று அவருக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை.

இந்த வருஷம் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: ஏற்றம் ஏறினால் இதயம் தாங்காது. நடையை விடுவதா, அக்கா வாசலைத் தாண்டுவதா? ஈஸ்டர் வாரம் முக்கால்வாசியும் வீட்டுக்குள்ளேயே போயிற்று. "அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்து என் தரையத் தேய்க்காதீங்க," என்றாள் மனைவி. "அக்கா வாசல்ல புலியா கட்டிவெச்சிருக்கு?"

சனிக்கிழமை காலை கிளம்பினார். எந்த ஜன்னலையும் தட்டவில்லை. சந்தில் அக்கா படியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"கிறிஸ்து உயிர்த்தார், அக்கா."

இந்த வாழ்த்துக்கு எதிரியானாலும் பதில் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் சொல்லாமல் விட்டவர் இல்லை.

"மெய்யாவே உயிர்த்தார்," என்று பட்டாணியைப் பார்த்துச் சொன்னாள். இன்னொரு பட்டாணியை உரித்தபடியே, "ஏன், கோட்டை வழி என்னாச்சு?" என்றாள்.

"ஏற முடியல. நெஞ்சு கேக்க மாட்டேங்குது."

உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. ஏப்ரன் பைக்குள் போய் ஒரு சிவப்பு முட்டையோடு வெளியே வந்தது. சாயம் அங்கங்கே தேய்ந்து வெளுத்திருந்தது. யாரோடும் மோதாமல் வாரம் முழுக்கப் பையிலேயே கிடந்த முட்டை.

தம்பியின் சட்டம் அவளுக்குத் தெரியாதா? அடி வாங்கத் தோதாக, முட்டையின் கூர்முனையை மேலே வைத்து நீட்டினாள்.

அனெஸ்திஸ் தன் முட்டையை வெளியே எடுத்தார். ஓங்கவில்லை. அவள் கைக்குக் கீழே தன் கையைத் தாழ்த்தி, முனையை மேலே திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றார்.