ஓசிப் பாட்டு

மகன் லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து ஹெட்போன் வாங்கியிருக்கிறான். "பொட்டுச் சத்தம்கூட வெளிய கசியாதுப்பா. அதுக்குத்தான் இம்புட்டு விலை" என்றான்.

என் தொண்டையில் வத்தல் நெடி ஏறியது. அறுபதுகளில், விருதுநகரில் சரக்கு மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஒன்றில் அம்மா மிளகாய்வத்தலுக்குக் காம்பு கிள்ளினாள். மாடியில் முதலாளி வீட்டு ரேடியோ பாடும். பாட்டு முடியும்வரை கீழே வேலை செய்யும் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தித் தும்மலை அடக்கிக்கொள்வார்கள். ஒருநாள் முதலாளி மாடி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "ஓசியில பாட்டுக் கேக்கவா கூலி குடுக்கேன்?" என்று ஜன்னலை அறைந்து சாத்தினார். அடக்கிய தும்மலெல்லாம் கீழே ஒன்றாக வெடித்தது.

"நாம கேட்டா பாட்டு தேஞ்சா போயிரும்?" என்றாள் அம்மா. வத்தல் கையால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை அவளுக்கு.

"குடுத்த காசுக்குத் தகுமாப்பா?" என்று மகன் கேட்டான்.

"தகாதுலே. எங்கம்மாவோட முதலாளி ஒத்த ஜன்னலை வச்சே இந்த வேலையை முடிச்சிட்டாரு."