வீரமணியின் இருபத்திரண்டு விநாடி

குன்னம் கடைத்தெருவில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற வீரமணி அண்ணனைத் தெரியாத விவசாயி எங்கள் பக்கத்தில் கிடையாது. வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் நேரத்தில் மோட்டார் புகைந்துவிட்டால் நேராக அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஞாயிற்றுக்கிழமையும் முகூர்த்த நாளும் வந்தால் அதே ஆள் கைக் கறையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு, கறுப்புச் சட்டை மாட்டிக்கொண்டு, எங்கள் இசைக்குழுவில் கிட்டார் வாசிப்பார். பதினோரு வருடமாக இது நடக்கிறது. அவர் வாசித்து ஒருவரும் கேட்டதில்லை என்பதுதான் சங்கதி.

நான் புவனேஸ்வரி. அந்தக் குழுவுக்கு மைக்செட் எங்களுடையது. ஸ்பீக்கர் பெட்டி தூக்குவது என் வீட்டுக்காரர் வேலை. யாருடைய சத்தம் எவ்வளவு கேட்க வேண்டும் என்று மிக்சரில் உட்கார்ந்து முடிவு செய்வது என் வேலை. பொம்பளை உட்கார்ந்திருக்கிறாளே என்று வாயைப் பிளக்கிறவர்களை நான் கண்டுகொள்வதில்லை. அவர்கள் வாயை மூடுவதற்குள் மேடையில் மூன்று பேர் சத்தத்தைக் குறைத்து வைத்திருப்பேன்.

மேடைக்காரர்கள் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். மண்டபம் காலியாக இருக்கும்போது சத்தம் சரிபார்க்க வரச் சொன்னால் எல்லோரும் பரம சாதுக்கள். கீபோர்டு பிரேம்குமார் பூப்பறிப்பதுபோல் வாசிப்பான். தாளத்துக்குப் பேடு அடிக்கிற ராசாங்கம் குச்சியைத் தடவிக்கொடுப்பார். நானும் நம்பி எல்லாவற்றையும் அளவாக வைப்பேன். கூட்டம் வந்ததும் கதை மாறிவிடும். நாலு பேர் விசிலடித்தால் ராசாங்கத்துக்குக் கை முறுக்கேறும். தன் சத்தம் கேட்கவில்லை என்று பிரேம்குமார் ஏற்றுவான். இரண்டு பேரையும் தாண்டிப் பாட வேண்டுமே என்று பாடகர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை மேலே தூக்குவார். இது போதாதென்று விசேஷ வீட்டுச் சித்தப்பா ஒருவர் வந்து, ரோட்டு வரைக்கும் கேட்கவில்லையே என்று குறைப்படுவார். எங்கள் ஊரில் விசேஷத்தின் கெத்து எத்தனை தெருவுக்குக் கேட்டது என்பதில்தான் இருக்கிறது. மூன்றாவது பாட்டில் எல்லோரும் உச்சியில் உட்கார்ந்திருப்பார்கள். அதற்கு மேலே ஏற இடம் இருக்காது.

அந்த நேரம் பார்த்துத்தான் வீரமணி அண்ணனின் தனி வாசிப்பு வரும். அவர் விவரமான ஆள். பாட்டுக்குத் துணையாக வாசிக்கும்போது கிட்டாரின் சத்தத் திருகை ஆறில் வைத்துக்கொண்டு, மிச்சம் நாலைத் தன் நேரத்துக்காகச் சேமித்து வைப்பார். நேரம் வந்ததும் சுண்டுவிரலால் பத்துக்குத் திருப்புவார். மற்றவர்கள் அதற்குள் பன்னிரண்டில் நிற்பார்கள். உடனே என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார்.

இங்கேதான் என் குட்டு. என் மிக்சரில் பதினாறு திருகுகள். அவற்றில் பதிமூன்றாவதற்கு ஒயரே கிடையாது. ஏற்று ஏற்று என்று நச்சரிக்கிறவர்கள் கண்ணெதிரே அதைப் பயபக்தியோடு திருகுவேன். ஆகா இப்போது சரியாக இருக்கிறது என்று போய்விடுவார்கள். வீரமணி அண்ணன் புருவத்தை உயர்த்தும்போதெல்லாம் நான் திருகியதும் அதையேதான். காரணம் இல்லாமல் இல்லை. பதினோரு வருடம் முன்னால், நான் தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு கல்யாணத்தில் பெண்ணின் அப்பா நன்றி சொல்லும்போது அண்ணனின் கிட்டார் கீச்சென்று கத்தி, மண்டபமே காதைப் பொத்தியது. வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். அன்றைக்குக் கிட்டாரை இறக்கி வைத்தேன். பிறகு ஏற்றவே இல்லை.

இந்த வருடம் தை பிறந்ததும் வீரமணி அண்ணனின் மனைவி பாக்யலட்சுமியின் அக்கா பிள்ளைகளுக்குக் கீழப்பழுவூரில் காதணி விழா. எங்கள் குழுதான் கச்சேரி. இரண்டு நாள் முன்னால் அவர் என் வீட்டுக்கு வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். போன விசேஷத்தில் அவருடைய மாமியார் பொன்னுத்தாய், பத்துப் பேர் நடுவில், மாப்பிள்ளை எதற்காக அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறார், அழகுக்கா என்று கேட்டுவிட்டாராம். கேலி இல்லை, நிஜமான சந்தேகம். பந்தியே சிரித்ததாம். பாக்யலட்சுமியும் சிரித்தாளாம். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"ஒரே ஒரு தடவ புவனா. மாமியா வூட்டு சனம் மொத்தமும் முன்னாடி ஒக்காந்திருக்கும். அந்தத் துண்டு மட்டும் கேட்டுட்டாப் போதும்."

அது இருபத்திரண்டு விநாடித் துண்டு. ஒரு பழைய காதல் பாட்டின் நடுவில் வருவது. எனக்கு நெஞ்சில் முள் ஏறியது. சரிண்ணே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

பிரேம்குமாரையும் ராசாங்கத்தையும் கூப்பிட்டு, கிட்டார் வரும்போது இரண்டு பேரும் பாதியாக இறங்கிவிட வேண்டும் என்று சொன்னேன். அதற்கென்ன, அண்ணனுக்கு இல்லாததா என்றார்கள். இவர்கள் இறங்கினால் அன்றைக்கு மழை கொட்டும் என்று எனக்குத் தெரியாதா? அதனால் என் வழியில் போனேன். மேடையில் அவர்கள் காதுக்குப் போகிற பெட்டியில் அவரவர் சத்தம் அப்படியே இருக்கும். கூட்டத்துக்குப் போவதில்தான் கை வைப்பேன். கிட்டாரையும் அந்த மேடைப் பெட்டியில் சேர்த்தேன், அண்ணன் தன் வாசிப்பைத் தானே கேட்கட்டும் என்று.

விழா அன்று பகல் பதினொரு மணிக்கே மண்டபம் நிரம்பிவிட்டது. காது குத்தி முடிந்து, பிள்ளைகள் அழுது ஓய்ந்து, கறிக்குழம்பு வாசனை மேடை வரைக்கும் வந்துவிட்டது. நான் எதிர்பார்த்தபடியே முதல் பாட்டில் ராசாங்கம் முறுக்கேறினார், பிரேம்குமார் ஏற்றினான், பாடகர் கட்டைவிரலைத் தூக்கினார். அத்தனை பேருக்கும் பதிமூன்றாவதைத் திருகினேன். அத்தனை பேருக்கும் திருப்தி. சித்தப்பா ஒருவரும் தவறாமல் வந்தார். அவருக்கு இரண்டு கையாலும் திருகிக் காட்டினேன்.

அந்தக் காதல் பாட்டின் நடுப்பகுதி வந்தது. கீபோர்டை இறக்கினேன், பேடை இறக்கினேன், கிட்டாரை ஏற்றினேன். வேறொன்றும் செய்யவில்லை. அப்படி ஒரு சத்தம் இந்தக் கிட்டாருக்குள் இருந்ததா என்று எனக்கே புல்லரித்துவிட்டது. இழைந்து இழைந்து வருகிறது, ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்கிறது. நகை பேசிக்கொண்டிருந்த முன்வரிசைப் பெண்கள் வாயை மூடினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியிலேயே குதித்தேன்.

ஒன்பதாவது விநாடியில் ஒரு சுரம் அபஸ்வரமாக விழுந்தது.

சின்னப் பிசகு இல்லை. சோற்றில் கல்லைக் கடித்தால் எப்படியோ, அப்படி. வீட்டில் நிதானமாக வாசிக்கும்போது சரியாக விழுகிற விரல், மேடை வேகத்தில் கிட்டார் கழுத்தில் ஒரு கோடு தள்ளி விழுந்திருக்கிறது. இத்தனை வருடமும் மேடையில் தன் காதில் கேட்டிருந்தால்தானே திருத்தியிருக்க முடியும்? அண்ணன் முகம் செத்துவிட்டது. கையை எடுத்துவிட்டார். பதறிப்போன பிரேம்குமாரும் கையை எடுத்தான். ராசாங்கம் மட்டும் பழக்க தோஷத்தில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார். முடிந்தது, மனிதரை நானே சபையில் தூக்கிக் காட்டி மானத்தை வாங்கிவிட்டேன்.

முன்வரிசையில் பொன்னுத்தாய் எழுந்து நின்றார். மேடையைப் பார்த்தார், கிட்டாரைப் பார்த்தார், மாப்பிள்ளையின் தொங்கிப்போன கையைப் பார்த்தார்.

"ஏன் மாப்ள நிறுத்திட்டீங்க? நல்லா இருந்துச்சுல்ல. நீங்க கைய எடுத்தா பாட்டே நின்னு போவுதே, வாசிங்க."

அவர் சரியாகவே வாசித்து முடித்திருந்தால் அதுவும் கீபோர்டு என்றுதான் அந்த அம்மா நினைத்திருப்பார். நின்றதால் தெரிந்தது. பாக்யலட்சுமி பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் தோளை உலுக்கி, அவருதான், அவருதான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணன் முதலிலிருந்து ஆரம்பித்தார். அந்த இடம் வந்தபோது விரலைக் கண்ணால் பார்த்து வைத்தார். சரியாக விழுந்தது. விசில் பறந்தது. முடித்துவிட்டு இன்னொரு தடவையும் வாசித்தார். இருபத்திரண்டு விநாடி ஒரு நிமிடமாகி, பாடகர் பாட்டை மறந்துவிட்டுக் கைதட்டிக்கொண்டு நின்றார்.

சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் என்னிடம் வந்தார். வேர்த்துக் கொட்டியிருந்தது. நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"அந்த எடத்த எத்தன வருசமா நான் தப்பா வாசிச்சிருக்கேன் புவனா? ஏன் நீ ஒரு வார்த்த சொல்லல?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "எனக்கே தெரியாதுண்ணே. நானே இன்னிக்குத்தான் மொதத் தடவ கேக்குறேன்" என்றேன். ஒயர் இல்லாத திருகையும், கீச்சென்று கத்திய கல்யாணத்தையும், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கேட்டுவிட்டு என் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார். அடிக்கப்போகிறார் என்றுகூட நினைத்தேன். அவருக்கு முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு குலுங்கியது. ஸ்பீக்கர் பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

"அப்ப பதினோரு வருசமும் அந்தத் தப்பு ஒருத்தருக்கும் கேக்கலியா? நல்லவேள புவனா, நல்லவேள."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் சிரித்த சிரிப்பில் நானும் சிரித்துவிட்டேன்.