இலைக்கு அடியில் வைத்த காசு

பஞ்சாங்கத்தின் ஓரத்தில் நாள்தோறும் இரண்டு வரி எழுதிவைப்பது என் பழக்கம். அதனால் மலாயாவின் ஈப்போ நகரில் நான் சாப்பிட்ட ஞாயிற்றுக்கிழமைகளை ஏறக்குறைய ஒன்றுவிடாமல் சொல்ல முடியும். 1925ஆம் ஆண்டின் நடுவில் தொடங்கியது. இருபத்தாறில் மணம் முடிக்கச் சொந்த ஊருக்குப் போன இரண்டு மாதமும், அந்த ஆண்டுக் கடைசியில் வந்த பெருவெள்ளத்தில் மூன்று வாரமும் தவறின. மற்றபடி, ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாகத் தனியே இருந்த காலம் முழுவதும், ஞாயிறு காலை மோட்டார் பஸ் பிடித்து ஊருக்கு வருவேன். பத்திரிகை, விளக்கெண்ணெய், மை எல்லாம் வாங்கிக்கொண்டு, ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்த ஒரு சைவச் சாப்பாட்டுக் கடையில் உட்காருவேன்.

அந்தக் கடையில் சாப்பிட்டவர் தன் இலையைத் தானே எடுக்க வேண்டியதில்லை. மற்ற கடைகளில் அப்படி இல்லை; இங்கே அதற்கென்று ஒரு பெண் இருந்தார். வயது நாற்பத்தைந்து இருக்கும். தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டியவர். முழங்கால் வலியால் சரிவு ஏற முடியாமல் போனதும் ஊருக்கு வந்துவிட்டார். பரிமாறுபவர் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள், வாய் ஓயாதவர்.

பரிமாறுபவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்பதை நான் புத்தகத்திலிருந்து கற்றுக்கொண்டேன். அப்போது கிடைத்த ஆங்கிலக் கதைகளையெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன். அவற்றில் வரும் கனவான்கள் சாப்பிட்டு எழுந்ததும் தட்டுக்கு அடியில் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். சீனர் காப்பிக்கடைகளில் யாரும் எதுவும் வைத்து நான் பார்த்ததில்லை. எங்கள் கடையிலும் சிலர்தான் பரிமாறுபவரின் கையில் நேரே கொடுப்பார்கள். கையில் கொடுப்பது பெருமையடித்துக்கொள்வதுபோல எனக்குப் பட்டது. ஆகவே இலையை என் பக்கமாக மடித்து, அதன் அடியில் ஒரு சின்ன வெள்ளிக் காசைச் செருகிவிட்டுக் கை கழுவப் போவேன். ஒன்றரை வருடம் இப்படி நடந்தது.

இந்த ஒன்றரை வருடத்தில் ஒரு குறை எனக்கு இருந்தது. என் இலைக்கு வரும் அப்பளம் எப்போதும் உடைந்தே வரும். ரசம் பருப்பே இல்லாமல் வெறும் மேல்தெளிவாக வரும். காசு வைத்தும் இந்த மரியாதைதானா என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் காற்று வரும் ஜன்னலோர இடம் எனக்கென்றே துடைத்துக் காலியாக இருக்கும். அது தற்செயல் என்று எண்ணியிருந்தேன்.

1927 தை மாதம் என் மனைவி நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்து சேர்ந்தாள். முந்தைய ஆண்டு ஊருக்குப் போய் மணம் முடித்து வந்திருந்தேன். வரும்போதே அவள் கர்ப்பிணி. தோட்டத்துச் சோற்றின் வாசனையே அவளுக்குக் குமட்டியது. ஒரு முறை இந்தக் கடையின் புளிச்சோற்றை வாங்கிப் போய்க் கொடுத்தேன். அது வயிற்றில் தங்கியது. அன்றுமுதல் நான் கடையில் உட்காருவதை நிறுத்தி, இரண்டு பேருக்கும் பொட்டலம் கட்டி வாங்கத் தொடங்கினேன்.

பொட்டலத்துக்கு இலை விரிப்பதில்லை. ஆகவே காசை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. கட்டிக் கொடுத்த பரிமாறுபவரிடமே நீட்டினேன்.

“இந்தாங்க அண்ணே.”

அவர் காசைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“என்ன கிராணியாரே, இன்னிக்கு மழை வரப்போவுதா?”

“ஏன்?”

“ஒன்றரை வருசமா ஒங்களுக்குச் சோறு போடுறேன். இன்னிக்குத்தான் கை நீளுது. சம்சாரம் வந்ததும் மனசு எளகிருச்சோ?”

“ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் வச்சுட்டுத்தானே போறேன். எலைக்கு அடியில.”

வாழைநாரைச் சுற்றிக்கொண்டிருந்த அவர் கை நின்றது.

“எச்சி எலைக்கு அடியில வச்சத நான் எப்படித் தொடுறது? அது எலை எடுக்கிற அக்காவுக்குல்ல போவும். அவங்களுக்குத்தான் வைக்கிறீங்கன்னு நான் நெனச்சேன், மொதலாளியும் நெனச்சாரு. கடையில ஒங்களுக்குத் தர்மவான்னு பேரு. பரிமாறுறவன் மட்டும் கண்ணுக்குத் தெரியலியேன்னு எனக்குக் கோவம்லா.”

“அதான் அப்பளம் ஒடஞ்சு வந்துச்சா?”

“ஒடச்சதே நான்தான்” என்றார்.

மாசி மாதம் மூன்றாம் ஞாயிறு, பொட்டலத்துக்காகக் காத்து நின்றபோது அந்தப் பெண் வாளியோடு என்னிடம் வந்தார். அதுவரை நாங்கள் பேசியதில்லை.

“ஐயாவுக்கு ஒடம்பு சரியில்லீங்களா? எலையில ஒக்காரவே காணோமே.”

“நல்லாத்தான் இருக்கேன் அக்கா. வீட்டுல மாசமா இருக்காங்க. இந்தச் சோறுதான் தங்குது. அதான் கட்டி வாங்கிட்டுப் போறேன்.”

“நல்லது. எம் மகளுக்கும் இது எட்டாம் மாசம். சுங்காய்ல தோட்டத்துல இருக்கா.” வாளியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டார். “ஒங்க காச மட்டும் தனியா ஒரு டின்னுல போட்டு வைப்பேன். அது ரயிலுக்கு. மொதப் பிள்ள பொறக்கயில என்னால போவ முடியல. அது தங்கல. இந்தத் தடவ வலி எடுத்ததும் போயிரணும்.”

டின்னில் எவ்வளவு இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை; போதாது என்பது தெரிந்தது. நான் சட்டைப் பையிலிருந்து காசை எடுத்து நீட்டினேன். அவர் ஓரடி பின்வாங்கி வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“வேணாங்க ஐயா. கையில வாங்குனா அது வேற.”

“என்ன வேற?”

“எலை எடுத்தா, அடியில இருக்கிறது எடுத்தவளுக்கு. அத நான் யாருகிட்டயும் கேக்கல. ஒரு தடவ நீட்டிட்டா, அப்புறம் பாக்குறவங்ககிட்டயெல்லாம் நீட்டச் சொல்லும் இந்தக் கை.”

அந்தக் காசை நான் அவருக்கென்று வைக்கவில்லை என்பதை அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஜன்னலோர இடத்தை எனக்காகத் துடைத்து வைத்தவர் அவர்தான் என்பது பஸ்ஸில் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைய பஞ்சாங்கக் குறிப்பிலும் இதை எழுதவில்லை. இங்கேதான் முதல் முறையாக எழுதுகிறேன்.

அடுத்த ஞாயிறு பொட்டலம் சொல்லிவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தேன். ஒரு இலை போடச் சொல்லி, ஒரு வடை கேட்டேன். கல்லாவிலிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார்.

“ஒரு வடைக்கு ஒரு எலையா கிராணியாரே? இப்படி நாலு பேரு வந்தா கடைய மூட வேண்டியதுதான்.”

பரிமாறுபவர் என்னைப் பார்த்தார். மூலையில் நின்ற பெண்ணையும் பார்த்தார்.

“பொட்டலத்துக்கு நறுக்குனதுல மிஞ்சின துண்டுதான் மொதலாளி. கெடக்கட்டும்.”

வடையோடு, கேட்காமலே ஒரு முழு அப்பளமும் வந்தது. அன்றுமுதல் அதுவே முறையாயிற்று. கட்டியதற்குப் பரிமாறுபவரின் கையில் ஒரு காசு, உட்கார்ந்ததற்கு இலைக்கு அடியில் ஒரு காசு. ஆங்கிலக் கதைகளில் இப்படி ஒரு பிரிவினை இல்லை.

சித்திரை பிறந்து இரண்டாம் ஞாயிறு. வடையைத் தின்று, இலையை மடித்து, காசைச் செருகிய பிறகுதான் இலை எடுக்கும் அக்காவைக் காணோம் என்று கவனித்தேன். மற்றவர்கள் தங்கள் இலையைத் தாங்களே எடுத்துக்கொண்டு போனார்கள். நானும் கையை நீட்டினேன்.

“வைங்க, வைங்க” என்று பரிமாறுபவர் ஓடி வந்தார். “நீங்க எடுத்தா காசு ஒங்களுதா ஆயிரும்ல.”

“அக்கா எங்க?”

“சுங்காய் போயிட்டாங்க. வியாழக்கெழமை ஆளு வந்து சொல்லுச்சு, வலி எடுத்துருச்சுன்னு. டிக்கெட்டுக்கு டின்னுல இருந்துச்சாம். எங்கிட்ட கடன்கூடக் கேக்கல, அப்படியே கெளம்பிட்டாங்க.”

சொல்லிக்கொண்டே என் இலையின் இரு ஓரத்தையும் விரல்நுனியால் பிடித்துத் தூக்கி வாளியில் போட்டார். கை கழுவிவிட்டு வந்து, ஒரு புது இலைத்துண்டால் காசை எடுத்தார். தண்ணீர் வைக்கும் பலகையின் ஓரத்தில் அதை வைத்து, மேலே ஒரு தம்ளரைக் கவிழ்த்தார்.

அந்தப் பெண் திரும்பி வந்தது மூன்று வாரம் கழித்து. வாளியை எடுக்கும் முன் தம்ளரை நிமிர்த்தி, அடியில் இருந்ததை முந்தானையில் முடிந்துகொண்டார்.

“பொம்பளப் பிள்ள பொறந்திருக்குங்க ஐயா. நல்லாப் பால் குடிக்கிது. ஒங்க வீட்டுல எப்ப?”

“ஆனியில.”

“அப்ப இன்னும் கொஞ்ச நாளைக்குப் பொட்டலந்தான்” என்று சொல்லி, ஜன்னலோரத்தைத் துடைக்கப் போனார்.

பஞ்சாங்கத்தில் அன்றைய குறிப்பு: பொட்டலம் இரண்டு, வடை ஒன்று, அப்பளம் முழுசு.