உசிலம்பட்டியில் வைத்த கேரம் காய்

ரேடியோ ரிப்பேர் சோறு போடும் தொழில்; ஊர் விட்டு ஊர் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கொள்ளும் அமெச்சூர் ரேடியோவோ, பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி நாமே தேடிக்கொள்ளும் தொல்லை. வீட்டுக்கு மேலே ஏரியல் நட்டுப் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேச்சு வாங்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

காய் நகருது

எண்பதுகளின் தொடக்கம். விளாங்குடியில் எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் போன் கிடையாது. நண்பன் தவமணி பம்புசெட் பாகங்கள் விற்கிற கம்பெனியில் வேலை பார்த்தான். அவனும் என்னைப் போல லைசென்ஸ்காரன்; ஸ்கூட்டரில் ஒரு பேசும் செட்டைக் கட்டிக்கொண்டு தினமும் உசிலம்பட்டிப் பக்கம் போவான். அரை மணிக்கு ஒருமுறை எங்கே இருக்கிறான் என்று சொல்வான். நான் கடையில் கேரம் போர்டின் மேல் மதுரை மேப்பை விரித்து, ஒரு சிவப்புக் காயை அவன் சொன்ன ஊருக்கு நகர்த்துவேன். இதில் என்ன லாபம் என்று கேட்காதீர்கள். முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போகிறவன் என் விரலுக்கடியில் நகர்வது எனக்கு அலுக்கவே இல்லை.

ரிப்பேருக்குக் கொடுத்த ரேடியோவை வாங்க வந்த ஒருவர் இதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்தாளு எங்க வாராருன்னு இம்புட்டு கரெக்டாச் சொல்றீகளே, என் ரேடியோ எப்ப ரெடியாகும்னு மட்டும் ஏன் தெரிய மாட்டேங்குது?"

பார்க்கலாமா?

தவமணியின் மனைவி ஈஸ்வரிக்கு நாலு வீடு தள்ளித்தான் வீடு. ஒருநாள் வந்து, "சந்தையில கத்திரிக்கா வாங்கியாரச் சொல்லுங்கண்ணே" என்றாள். அடுத்தவர் சேதியை எங்கள் ரேடியோவில் சொல்லக் கூடாது, லைசென்ஸ் போய்விடும் என்றேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவளோ மேப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாளிலிருந்து, அவன் திரும்பும் வழியில் காய் செக்கானூரணிக்கு வந்ததும் வீட்டுக்குப் போய் உலை வைத்துவிடுவாள். தவமணி வந்து உட்காரும்போது சோறு ஆவி பறக்கும்.

இதுவும் ஒருவகையில் சேதிதானே என்று இழுத்தேன். "பேசத்தானே கூடாது? பாக்கக் கூடாதுன்னும் சட்டமாண்ணே?" என்றாள்.

அடங்காத முள்

உசிலம்பட்டியிலிருந்து தவமணி பேசினால் செட்டில் சிக்னல் பலத்தைக் காட்டும் மீட்டர் முள் லேசாகத் துடிக்கும், அவ்வளவுதான். பாதிப் பேச்சு இரைச்சலில் போய்விடும். திடீரென்று ஒருநாள் "உசிலம்பட்டி" என்றான்; முள் கடைசி வரைக்கும் போய் முட்டியது. குரல் பக்கத்து அறையில் பேசுவது போல் இருந்தது. மறுநாளும் அப்படியே. ஏரியலை இறக்கித் துடைத்தேன், வயரை மாற்றினேன், மீட்டரைக் கழற்றிப் பூட்டினேன். மூன்று வாரம் செட்டைத்தான் சந்தேகப்பட்டேன், ஆளை அல்ல.

கடைசியில் குறுகுறுப்பு தாங்காமல் கடையைச் சாத்திவிட்டு, ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டி பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். விளாங்குடிக்குப் பக்கத்திலேயே இருக்கும் நாகமலை அடிவாரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் அந்த ஸ்கூட்டர் நின்றது. இறங்கி நடந்தேன். இஸ்திரி போட்ட சட்டையோடு, மைக்கை மடியில் வைத்துக்கொண்டு தவமணி சும்மா உட்கார்ந்திருந்தான்.

கம்பெனியில் அவனை நிறுத்தி மூன்று வாரம் ஆகிவிட்டதாம். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "வேற வேலை கிடைக்கவும் நானே அவகிட்டச் சொல்லிருவேன். அதுவரைக்கும் காய உசிலம்பட்டியிலயே வையி மாப்ள."

உலை

மறுநாள் பதினோரு மணிக்கு அவன் குரல் கணீரென்று வந்தது: "உசிலம்பட்டி." ஈஸ்வரி பக்கத்தில் நின்றாள். காயை எடுத்த கை நாகமலைக்கு மேலேயே நின்றுவிட்டது. நண்பனுக்காகப் பொய் சொல்லலாம். அண்ணே என்று கூப்பிடுகிறவள் கண்ணெதிரே பொய்யான ஊரில் காயை எப்படி வைப்பது?

அவள் என்னைப் பார்க்கவில்லை, மேப்பைப் பார்த்தே பேசினாள். "உசிலம்பட்டியிலயே வைங்கண்ணே. மூணு வாரமா அவரு சட்டையில புழுதியக் காணோம், ஸ்கூட்டரு டேங்கில பெட்ரோலும் முன்ன மாதிரி குறையல. அவரா வாயத் தொறந்து சொல்லட்டும். அதுவரைக்கும் அவரு செக்கானூரணின்னு சொல்லவும் நான் போயி உலைய வைக்கிறேன்."

ஆள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஏரியல், மீட்டர், மேப், லைசென்ஸ், போதாக்குறைக்கு ஒரு பஸ் டிக்கெட்டும் வேண்டியிருந்தது. ஈஸ்வரிக்கு ஸ்கூட்டரின் டேங்க் மூடியைத் திறந்து பார்த்ததே போதுமாக இருந்தது.