பொரி உருண்டையும் மாமாவின் கண்ணும்

கீழ்பென்னாத்தூரில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து அண்ணாமலை தெரியும். கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு மலை உச்சியில் தீபம் எரிவதைக் கண்ட பிறகுதான் தெருவில் அகல் ஏற்றுவார்கள். எங்கள் வீட்டில் கண் பரிசோதனையும் அதுதான். தீபம் தெரிந்தால் கண் நன்றாக இருக்கிறது, மேல்முறையீடு கிடையாது.

அதில் ஆண்டுதோறும் முதலிடம் மாமாவுக்கு. அம்மாவின் தம்பியான அவர் எங்கள் பள்ளி வேனை ஓட்டினார். முன் இருக்கை எனக்கு.

எனக்கு ஒன்பது வயதான அந்த ஆண்டு, படியோரம் நான் அடுக்கியிருந்த அகல்களில் மூன்றை மிதித்து உடைத்துவிட்டு மாடிக்கு வந்தார்.

"எருமை மாதிரி நடக்கிறியே, கண்ணு எங்கடா வச்சிருக்க?" என்றாள் அம்மா.

"என் கண்ணுக்கு என்ன? தோ, தீபம் ஏத்திட்டாங்க. உனக்குத் தெரியுதாக்கா?"

அம்மாவுக்கு இன்னும் தெரியவில்லை. வழக்கு முடிந்தது.

என் கோபம் முடியவில்லை. மாமா மலையைப் பார்த்துக் கும்பிட்டபடி நின்றார். அவருக்கு இடப்பக்கம், கைப்பிடிச் சுவர்மேல் பொரி உருண்டைத் தட்டு. பக்கத்தில் நின்றே ஒன்றை எடுத்தேன். அவர் கவனிக்கவில்லை. அதை அவர் காதருகே ஆட்டினேன். பிறகு கன்னத்தருகே. ஏறக்குறைய மூக்குக்கு நேரே வந்தபோதுதான் "ஏய் கழுத!" என்று துள்ளினார். வலப்பக்கமும் அப்படியே.

இந்த வித்தையை அம்மாவுக்கும் செய்து காட்டினேன். முதல்முறை சிரித்தாள். இரண்டாம்முறை சிரிக்கவில்லை. உருண்டையை வாங்கி மாமாவிடம் தானே ஒருமுறை செய்து பார்த்தாள்.

"வேன் சாவியக் குடுடா."

"ஏன்க்கா? தீபம் தெரியுதுன்றேன்ல?"

"குடு."

மறுநாள் கண் மருத்துவமனைக்குப் போனார்கள். கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருந்தது. ஓரப் பார்வையை முதலில் தின்று, நேர்ப் பார்வையைக் கடைசிவரை விட்டுவைக்கும் நோய். போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காக்கலாம் என்றார் மருத்துவர். இன்றும் மாமா நாளிதழைத் தானே படிக்கிறார்.

அந்த மருந்தைக் கண்ணுக்குள் மெல்ல மெல்லக் கசியவிடும் சிறு வில்லை ஒன்றை உருவாக்குவதுதான் உயிர்மருத்துவப் பொறியியலில் என் முனைவர் பட்ட ஆய்வு. பார்வைப் பரப்பை அளக்கும் கருவியில் நடுப்புள்ளியைப் பார்க்கச் சொல்லிவிட்டு, ஓரங்களில் ஒளிப்பொட்டுகளைக் காட்டுகிறார்கள். முதன்முறை அதன்முன் உட்கார்ந்தபோது எனக்குப் பொரி உருண்டையின் வெல்ல வாசம்தான் நினைவுக்கு வந்தது. அம்மா சிரிப்பதை நிறுத்திய அந்த நொடிக்கும், அடம்பிடிக்காமல் சாவியைக் கொடுத்த மாமாவுக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

அப்போது அப்படி நினைக்கவில்லை. புது ஓட்டுநர் முன் இருக்கையை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார். ஒரு வாரம் மாமாவிடம் பேசாமல் இருந்தேன்.

அதன்பிறகு தினமும் மாலை வேன் நிற்கும் இடத்துக்கு மாமா நடந்தே வருவார். கதவருகே நின்று, இறங்கும் பிள்ளைகள் ஒவ்வொருவர் தலையையும் தொட்டு எண்ணுவார். கடைசிப் பிள்ளை இறங்கிய பிறகுதான் வீட்டுக்குத் திரும்புவார். வேனை மறக்க முடியாமல் வருகிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.