மாப்பிள்ளையிடம் வேலை கற்க ஒன்பது சாமான்கள்

வயரிங் வேலைக்குப் புதிதாகப் போகிறவன் எந்தச் சாமானையும் இரவல் வாங்கக் கூடாது. அதிலும் வேலை கற்றுத்தருபவர் சொந்த மாப்பிள்ளையாக இருந்தால் கூடவே கூடாது. மாப்பிள்ளையிடம் தொழில் கற்கும் மாமனார்களே, நம் பாடு நமக்குத்தான் தெரியும்.

அன்று குரங்கணிக்கு மேலே, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் இருந்தவர்கள்: மாப்பிள்ளை, நான், மேஸ்திரி, காய் தரம் பிரிக்கும் பெண்கள் மூன்று பேர், ஒரு நாய். ஆக ஏழு. என் பையில் டெஸ்டர் இரண்டு, திருப்புளி இரண்டு, கட்டிங் பிளேயர், ஸ்டிரிப்பர், சுத்தியல், உளி, அளவு டேப். ஆக ஒன்பது. முப்பது வருஷம் போடியில் மூட்டை எடை போட்டவன், எண்ணாமல் இருக்க முடியாது. தவிர, என் மகள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: ஒரு சாமான் குறைந்து வந்தாலும் மறுநாளிலிருந்து நான் வீட்டோடு கிடக்க வேண்டும்.

டெஸ்டர் எதற்கு இரண்டு?

டெஸ்டர் எரியவில்லை என்றால் கரண்ட் இல்லையா, டெஸ்டர் கெட்டுவிட்டதா? அதனால் முதலில் கரண்ட் இருக்கிற பிளக்கில் ஒன்றை வைத்துப் பார்த்தேன். எரிந்தது. அடுத்ததையும் வைத்தேன். அதுவும் எரிந்தது. சந்தேகம் தீர மறுபடியும் முதலாவதை வைத்தேன். அந்த மூன்று பெண்களில் ஒருத்தியான பாண்டியம்மா காய் பொறுக்குவதை நிறுத்திவிட்டு மாப்பிள்ளையைக் கேட்டாள்:

"ஏப்பா, பொண்ணு குடுக்கறப்ப ஒன் மாமனாரு ஒன்னய இம்புட்டுச் சோதிச்சாரா?"

சுவரிடம் கேட்ட சுத்தியல்

பச்சைக்காய் மூட்டைகள் வந்து இறங்கிவிட்டன. சாயங்காலத்துக்குள் காய் உலர்த்தும் விசிறி ஓட வேண்டும். மாப்பிள்ளை ஏணி மேலே, நான் கீழே. மாமனாரைப் பார்த்து, சுத்தியலைக் கொண்டா என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சுவரைப் பார்த்து, இங்கே ஒரு சுத்தியல் இருந்தால் தேவலை என்றார். சுவர் தரவில்லை; நான் கொடுத்தேன். பிறகு உளி, பிளேயர் என்று சுவரிடம் பதினோரு தடவை கேட்டார். மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை.

"வெரசா ஆகட்டும் அப்பு. சுவத்துக்கிட்டயே கேட்டுக்கிட்டிருந்தா மூட்டைக்குள்ளயே காய் பழுத்துரும்."

எட்டுத்தான் இருந்தது

விசிறி ஓடியது. பையை எண்ணினேன். எட்டு. ஒரு டெஸ்டரைக் காணோம். கேட்கக் கூச்சப்பட்டு நாலு தடவை எண்ணினேன். எங்களைக் கீழே கொண்டுபோகும் ஜீப்பு ஹாரன் அடித்தது. நாளையிலிருந்து வீடுதான் என்று நினைத்ததும் ஐந்தாம் தடவையும் எண்ணினேன். பாண்டியம்மாதான் என் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கறந்தாள். உடனே எல்லாரும் தேடினார்கள். காய் பரப்பும் தட்டுகள் முப்பத்திரண்டையும் தூக்கினோம். நாயைக்கூட எழுப்பி நகர்த்தினோம். எல்லாரையும்விட மும்முரமாகத் தேடியவர் மாப்பிள்ளை. தரையில் படுத்தே தேடினார். மேஸ்திரி மலையாளம் கலந்து மெதுவாகச் சொன்னார்:

"அது ஆளோட செவியில அல்லே இருக்கு."

மாப்பிள்ளை தன் டெஸ்டரை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். என்னிடம் கேட்கக் கூச்சப்பட்டு, நான் பார்க்காதபோது எடுத்துக் காதில் செருகி, அதை மறந்தும்விட்டார். ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு, அந்த டெஸ்டரோடு கையில் அகப்பட்டதையெல்லாம் அவரவர் பைகளில் அள்ளிப் போட்டு ஜீப்பில் ஏறினோம்.

மகளின் கணக்கு

வீட்டில் மகள் பையைக் கொட்டி எண்ணினாள். இரண்டாம் தடவையும் எண்ணினாள். பத்து. சிவப்புக் கைப்பிடி போட்ட மூன்றாவது திருப்புளி அவள் புருஷனுடையது.

"கொறஞ்சா வீட்ல இருங்கன்னுதான் சொன்னேன், கூடுனா என்ன செய்யிறதுன்னு யோசிக்கலயேப்பா. நாளைக்கு வேலைக்குப் போயி நீங்களே அவருகிட்ட குடுத்துருங்க."

நாலு நாளாக வேலைக்குப் போய்வருகிறேன்: கொண்டுபோனது ஒன்பது, திரும்பி வந்தது பத்து, கூச்சத்தால் இன்னும் கொடுக்காமல் மிச்சம் இருப்பது ஒன்று.